விடை சரி, நேரம்தான் கூடிவிட்டது: அறிவியல் மென்பொருளில் வேகச் சரிவைத் தேடிப் பிடிக்கும் முறை

ஓர் அறிவியல் நூலகத்தில் பிழை நுழைந்துவிட்டால், ஏதாவது ஒரு சோதனை தோற்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வேகம் குறையும்போது அப்படி எந்தச் சோதனையும் தோற்பதில்லை. விடை கடைசித் தசம இலக்கம் வரை சரியாக வருகிறது. நேற்று 40 நிமிடத்தில் முடிந்த கணக்கீடு மட்டும் இன்று 52 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் நிரலை மாற்றியவராக இருப்பதில்லை. பல மாதம் கழித்துப் புதிய பதிப்பை நிறுவிக்கொண்ட ஓர் ஆய்வு மாணவராக இருப்பார். அவர் முறையிடும் நேரத்தில் நூலகத்தில் ஆயிரம் கமிட்டுகள், அதாவது நிரலில் பதிவான மாற்றங்கள், மேலும் சேர்ந்திருக்கும்.

அந்த ஆயிரத்துக்குள் காரணமான ஒன்றை எப்படிப் பிடிப்பது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பைத்தான் நூலகங்களான நம்பை, சைபை ஆகியவற்றின் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஏர்ஸ்பீட் வெலாசிட்டி, சுருக்கமாக ஏஎஸ்வி, என்ற கருவியைக் கொண்டு தம் வேகத்தை அளக்கின்றன. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியும் லினக்ஸ் கட்டளை வரியும் ஓரளவு பழகியிருந்தால் போதும். பைத்தான் தவிர வேறு மொழியில் எழுதுபவருக்கும் கருவியின் பெயர்தான் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கணினியை

புதியவர்கள் முதல் நாளே குற்றவாளிக் கமிட்டைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு: ஒரே கமிட்டை, எதையும் மாற்றாமல், இரண்டு முறை அளந்து, இரண்டும் வெவ்வேறு பதிப்புகள் என்று பாவித்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பூச்சியமாக இருக்க வேண்டும், இருக்காது. ஒரு சாதாரண லேப்டாப்பில் அது 5 சதவீதமாகவும் இருக்கலாம், 15 சதவீதமாகவும் இருக்கலாம். அந்த எண்தான் உங்கள் அளவீட்டின் இரைச்சல். அதைவிடச் சிறிய எந்தச் சரிவையும் அந்தக் கணினியை வைத்துக்கொண்டு நீங்கள் பிடிக்க முடியாது, பிடித்ததாக நினைத்தாலும் அது பிரமைதான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம். இன்றைய செயலிகள் வெப்பநிலைக்கும் சுமைக்கும் ஏற்பத் தம் கடிகார வேகத்தைத் தாமே ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. ஆகவே குளிர்ந்த கணினியில் ஓடிய முதல் அளவீடு வேகமாகவும், அரை மணி நேரம் கழித்து ஓடியது மெதுவாகவும் தெரியும். இப்படி வேகத்தை ஏற்றும் டர்போ வசதியை அணைத்து, கடிகார வேகத்தை ஒரே அளவில் நிறுத்திவிடுங்கள். பைபெர்ஃப் என்ற கருவியின் சிஸ்டம் டியூன் கட்டளை இவற்றில் பலவற்றை ஒரே அடியில் செய்து தரும். அடுத்தது த்ரெட்டுகள், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள். அணிப் பெருக்கல் போன்ற பணிகளை நம்பை பின்னால் ஓப்பன்பிளாஸ் போன்ற நூலகத்திடம் ஒப்படைக்கிறது; அது கணினியில் உள்ள எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ள முயலும்போது, பக்கத்தில் ஓடும் உலாவி ஒன்றே உங்கள் அளவீட்டைக் கெடுத்துவிடும். த்ரெட் எண்ணிக்கையைச் சூழல் மாறி வழியாக 1 என்று கட்டிவிட்டு அளப்பது நல்லது. பல த்ரெட்டுகளில் வரும் சரிவை அளப்பதுதான் நோக்கம் என்றால் அதைத் தனி அளவீடாக வைத்துக்கொள்ளுங்கள்.

நானே ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு வேகம் சரிந்த ஒரு கமிட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பாதி நாளைச் செலவழித்திருக்கிறேன். அந்த அளவீட்டின் நடுவில் லேப்டாப்பின் சார்ஜர் கழன்றிருந்தது என்பதை மாலையில்தான் கவனித்தேன்.

சார்ஜர் கண்ணுக்குத் தெரியும், தெரியாதவையும் உண்டு. சூழல் மாறிகளின் மொத்த நீளமும், பொருள் கோப்புகளை இணைக்கும் வரிசையும் நிரலின் வேகத்தை மாற்றுகின்றன என்றும், ஒரு கம்பைலர் மேம்பாடு பயன் தருகிறதா இல்லையா என்ற முடிவையே அவை தலைகீழாக்கிவிடக்கூடும் என்றும் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நினைவகத்தில் நிரல் எந்த இடத்தில் போய் அமர்கிறது என்பது மாறுவதால் வரும் விளைவு இது. இன்னொன்று: 2023 ஆகஸ்டில் இன்டெல் செயலிகளில் டவுன்ஃபால் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது, அதைச் சரிசெய்த மைக்ரோகோடு (செயலிக்குள்ளேயே இருக்கும் அடிப்படை நிரல்), சிதறிக் கிடக்கும் தரவை ஒரே கட்டளையில் திரட்டும் வசதியை மெதுவாக்கியது. அந்த வசதியை அதிகம் நம்பியிருந்த கணக்கீடுகள், நூலகத்தில் ஒரு வரிகூட மாறாமல், ஒரு கணினிப் புதுப்பிப்புக்குப் பிறகு வேகம் குறைந்தன. எனவே கர்னல் பதிப்பு, மைக்ரோகோடு, கம்பைலர், சார்பு நூலகங்களின் (உங்கள் நூலகம் நம்பியிருக்கும் பிற நூலகங்களின்) பதிப்புகள் ஆகிய அனைத்தையும் ஒவ்வோர் அளவீட்டுடனும் எழுதி வையுங்கள். வேலை நடக்கும் வாரங்களில் அந்தக் கணினியைப் புதுப்பிக்காதீர்கள்.

எதை அளப்பது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி. இங்கே அது வழிதவறச் செய்யும். வரிசைப்படுத்தலை ஒரே ஒரு அளவில் அளந்து பார்த்துவிட்டு நூலகத்தின் வேகம் குறையவில்லை என்று சொல்ல முடியாது. ஓர் உருப்படிக்கு 8 பைட் என்றால் 100-க்கு 100 அணி 80 கிலோபைட் இடம் எடுக்கும். அது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேச் நினைவகத்துக்குள் அடங்கிவிடும். 1,000-க்கு 1,000 அணி 8 மெகாபைட். பல செயலிகளில் அது கேச்சின் விளிம்பில் நிற்கும். 10,000-க்கு 10,000 அணி 800 மெகாபைட். அங்கே நேரத்தை முடிவு செய்வது கணக்கு அல்ல, நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் வேகம். ஒரு கமிட் சிறிய அணிகளில் அழைப்புச் செலவைக் கூட்டியிருக்கலாம், பெரிய அணிகளில் அது தெரியவே தெரியாது. மறுபுறம், தேவையற்ற ஒரு தற்காலிக நகல் பெரிய அணியில் மட்டுமே வலிக்கும். ஆகையால் ஒவ்வொரு பெஞ்ச்மார்க்கையும், அதாவது வேகத்தை அளக்கும் சிறு நிரலையும், குறைந்தது மூன்று அளவுகளில், இரண்டு தரவு வகைகளில் ஓட்டுங்கள். அடுத்தடுத்து அமைந்த தரவு, இடைவெளி விட்டு அமைந்த தரவு என்ற வேறுபாட்டையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஏஎஸ்வியில் இது எளிது. குவிக்ஸ்டார்ட் கட்டளை ஓர் அமைப்புக் கோப்பையும் பெஞ்ச்மார்க்குகளுக்கான அடைவையும் உருவாக்கித் தரும். அந்த அடைவில் நீங்கள் எழுதும் செயற்கூற்றின் பெயர் டைம் என்ற முன்னொட்டுடன் தொடங்கினால் அதன் நேரம் அளக்கப்படும், பீக்மெம் என்று தொடங்கினால் உச்ச நினைவகப் பயன்பாடு அளக்கப்படும், ட்ராக் என்று தொடங்கினால் அது திருப்பித் தரும் எந்த எண்ணும் பதிவாகும். அளவுகளையும் தரவு வகைகளையும் பராம்ஸ் பட்டியலில் கொடுத்துவிட்டால் எல்லாச் சேர்க்கைகளையும் கருவியே ஓட்டிக்கொள்ளும். தரவை உருவாக்கும் வேலையைச் செட்டப் பகுதியில் வையுங்கள், அந்த நேரம் கணக்கில் சேராது. தற்செயல் எண்களைப் பயன்படுத்தினால் விதை எண்ணை நிலைப்படுத்த மறக்காதீர்கள். பூச்சியத்துக்கு மிக அருகில் உள்ள இயல்பிலி எண்கள் தரவில் புகுந்துவிட்டால், சில செயலிகளில் அதே கூட்டலும் பெருக்கலும் பல மடங்கு மெதுவாகும். ஒவ்வொரு முறையும் வேறு தரவு வந்தால் அப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்துக்குக் காரணமே தெரியாமல் போகும்.

நேரத்தின் எந்த மதிப்பை நம்புவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இடையூறுகள் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பதால் சிறும மதிப்பைப் பாருங்கள் என்கிறது பைத்தானின் டைம்இட் ஆவணம். ஏஎஸ்வி இடைநிலை மதிப்பைத் தருகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் தவறில்லை. கூட்டுச் சராசரியை மட்டும் தொடாதீர்கள், ஒரே ஒரு தடங்கல் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பழைய கமிட்டுகளின் மீது ஓட்டுதல்

இங்கேதான் வேலை பெரிதாகிறது, கணக்குப் போடாமல் தொடங்கினால் சர்வர் மாதக்கணக்கில் ஓடும். 400 பெஞ்ச்மார்க்குகள், ஒவ்வொன்றுக்கும் 3 வினாடி என்றால் ஒரு கமிட்டுக்கு 20 நிமிடம். நூலகத்தைக் கம்பைல் செய்ய 10 நிமிடம் சேர்த்தால் அரை மணி நேரம். ஆயிரம் கமிட்டுகளுக்கு 500 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 21 நாள். எல்லாவற்றையும் ஓட்டத் தேவையில்லை. ஏஎஸ்வியின் ரன் கட்டளைக்குக் கமிட்டுகளின் எல்லையைக் கொடுத்து, ஸ்டெப்ஸ் என்ற விருப்பத்தில் 40 என்று குறிப்பிட்டால், அந்த ஆயிரத்தில் சம இடைவெளியில் 40 கமிட்டுகளை மட்டும் எடுத்து ஓட்டும். 20 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு சரிவு தெரியும் இடைவெளியில் 25 கமிட்டுகளே மிஞ்சும். அவற்றுக்குள் தேட ஐந்து படிகள் போதும்.

முடிவுகளைக் கணினிவாரியாகத் தனித்தனியே சேமிப்பது ஏஎஸ்வியின் வழக்கம், அதைக் குலைக்காதீர்கள். ஒரு கணினியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஆனால் பல வகைக் கணினிகளில் ஓட்டுவதில் நிறையப் பொருள் இருக்கிறது. 2023-இல் வெளிவந்த நம்பை 1.25 பதிப்பில், பல எண்களை ஒரே கட்டளையில் கையாளும் ஏவிஎக்ஸ்-512 வசதி உள்ள செயலிகளில் வரிசைப்படுத்தல் பல மடங்கு வேகமானது. அந்த வசதி இல்லாத செயலி பழைய பாதையிலேயே சென்றது. ஒரே நிரல், இரண்டு பாதைகள். ஒரு பாதையில் வரும் சரிவு மற்றதில் தெரியாது. குறைந்தபட்சம் ஓர் எக்ஸ்86 வகைச் செயலி உள்ள கணினியும் ஓர் ஆர்ம் வகைச் செயலி உள்ள கணினியும் உங்களிடம் இருக்க வேண்டும்.

தனிக் கணினி கிடைக்காமல், பலர் பகிர்ந்துகொள்ளும் மேகச் சர்வரை மட்டுமே நம்பியிருப்பவர் நேரத்தை விட்டுவிட்டுச் செயல்படுத்தப்பட்ட கட்டளைகளின் எண்ணிக்கையை அளக்கலாம். வால்கிரிண்ட் கருவித் தொகுப்பில் உள்ள கேச்கிரிண்ட் அந்த எண்ணைத் தரும். பக்கத்தில் எது ஓடினாலும் அது பெரிதாக அசையாது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை உருவாக்கும் குழு தன் சிறு சிறு மேம்பாடுகளை இப்படித்தான் அளக்கிறது. ஆனால் நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரமும் த்ரெட்டுகள் மோதிக்கொள்ளும் நேரமும் கட்டளை எண்ணிக்கையில் ஏறாது. பெரிய அணிகளோடு மல்லுக்கட்டும் அறிவியல் நிரலுக்கு இதை ஒரு துணை அளவாக மட்டுமே நான் வைத்துக்கொள்வேன்.

எச்சரிக்கைகளைச் சலித்தல்

நூற்றுக்கு ஐந்து முறை தவறாக எச்சரிக்கக்கூடிய வரம்பில் ஆயிரம் ஒப்பீடுகளைச் செய்தால், எதுவுமே மாறாதபோதும் சுமார் 50 எச்சரிக்கைகள் வரும். முதல் வாரத்திலேயே குழுவினர் மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். ஏஎஸ்வி இரண்டு கமிட்டுகளை ஒப்பிடும்போது மான்-விட்னி என்ற புள்ளியியல் சோதனையையும், 1.1 என்ற விகித வரம்பையும் சேர்த்தே பார்க்கிறது. அதாவது வேறுபாடு புள்ளியியல்படி உண்மையாகத் தோன்ற வேண்டும், 10 சதவீதத்தையும் தாண்ட வேண்டும். உங்கள் இரைச்சல் 12 சதவீதம் என்று முதல் சோதனையில் தெரிந்திருந்தால், இந்த வரம்பை உயர்த்துங்கள்.

ஒரே எச்சரிக்கையைவிட எச்சரிக்கைகளின் கூட்டம் அதிகம் பேசும். ஒரே கமிட்டில் வரிசைப்படுத்தல், கூட்டல், கோப்பு வாசித்தல் ஆகிய தொடர்பற்ற மூன்றும் ஒருசேரச் சரிந்தால் கணினியைப் பாருங்கள். 32-பிட் மெய்யெண்களுக்கான பெஞ்ச்மார்க்குகள் மட்டும் எல்லா அளவுகளிலும் சரிந்தால் நிரலைப் பாருங்கள்.

வரம்புக்குக் கீழே ஊர்ந்து வரும் சரிவு இன்னொரு வகை. ஒவ்வொரு கமிட்டும் 2 சதவீதம் மட்டுமே மெதுவாக்கினால் எந்த ஒப்பீடும் 10 சதவீதத்தைத் தொடாது. அப்படிப் பதினைந்து கமிட்டுகள் சேர்ந்தால் நேரம் 35 சதவீதம் கூடியிருக்கும். முந்தைய கமிட்டோடு மட்டும் ஒப்பிடும் அமைப்பு இதை ஒருபோதும் காணாது. ஆகவே கடந்த பதிப்போடும், ஓராண்டுக்கு முந்தைய பதிப்போடும் மாதத்துக்கு ஒரு முறை ஒப்பிடுங்கள். ஏஎஸ்வியின் பப்ளிஷ் கட்டளை தரும் வரைபடத்தில் இத்தகைய சரிவை முதலில் காண்பது பெரும்பாலும் மனிதக் கண்தான்.

கமிட்டைப் பிடித்தல்

கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும், கிட் கருவியின் பைசெக்ட் கட்டளையைத் தொடுவதற்கு முன் நான்கு அளவீடுகளைக் கட்டாயம் செய்யுங்கள்: பழைய நிரல் பழைய சார்பு நூலகங்களோடு, பழைய நிரல் புதிய சார்பு நூலகங்களோடு, புதிய நிரல் பழையவற்றோடு, புதிய நிரல் புதியவற்றோடு. பழைய நிரலே புதிய சார்புகளோடு மெதுவாகிவிட்டால், குற்றவாளி உங்கள் கமிட் வரலாற்றிலேயே இல்லை. நீங்கள் எவ்வளவு நேர்த்தியாகப் பைசெக்ட் செய்தாலும் அது யாரோ ஓர் அப்பாவியின் பெயரைத்தான் சொல்லும்.

சரிவு நிரலில்தான் என்று உறுதியானால் மேலே செல்லலாம். தொடங்கும்போதே நல்லது, கெட்டது என்ற வழக்கமான சொற்களுக்குப் பதிலாக வேகம், மெதுவு என்று உங்கள் சொற்களைப் பைசெக்டுக்குக் கொடுக்க முடியும். நள்ளிரவில் குழம்பாமல் இருக்க இது உதவும். ஒவ்வொரு படியும் மீதமுள்ள கமிட்டுகளைப் பாதியாக்குவதால் ஆயிரம் கமிட்டுகளுக்கும் பத்துப் படிகளே ஆகும். பைசெக்ட் ரன் கட்டளைக்கு ஒரு ஸ்கிரிப்ட்டைக் கொடுத்துவிட்டால் கருவி தானாகவே ஓடும். ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் பழைய வேகம், 1 என்று முடிந்தால் சரிவு, 125 என்று முடிந்தால் இந்தக் கமிட்டை விட்டுவிடு என்று பொருள்.

புதியவர்கள் விழும் குழி இங்கே இருக்கிறது. பைத்தான் நிரல் ஏதோ பிழையால் இடையில் நின்றாலும் 1 என்றுதான் முடியும்; நூலகம் கம்பைல் ஆகாத ஒரு பழைய கமிட், இதனால், மெதுவான கமிட் என்று பதிவாகிவிடும். கம்பைல் தோற்றாலும், நூலகத்தை ஏற்ற முடியாவிட்டாலும் 125 திருப்பித் தரும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள். ஸ்கிரிப்ட்டையும் களஞ்சியத்துக்கு வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படியிலும் அதுவும் பழைய வடிவத்துக்கு மாறிவிடும். முந்தைய கம்பைலின் மிச்சங்களை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள்.

வரம்பை எப்படி வைப்பது? பழைய நேரம் 2.0 வினாடி, புதிய நேரம் 2.6 வினாடி என்றால் நடுவில் 2.3 என்று வையுங்கள். ஒரு படியில் 5 சதவீதம் தவறாகத் தீர்ப்புச் சொல்லும் அளவீடு, பத்துப் படிகளும் சரியாக முடிவதற்கான வாய்ப்பு 60 சதவீதமே. நூற்றுக்கு நாற்பது முறை தவறான கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால் அளவீடு 2.2-க்கும் 2.4-க்கும் இடையில் விழுந்தால் தீர்ப்புச் சொல்லாமல் மீண்டும் பத்து முறை அளக்கும்படி ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிவிடுங்கள். முடிவு வந்ததும், சுட்டப்பட்ட கமிட்டையும் அதற்கு முந்தையதையும் மாறி மாறி ஐந்து முறை அளந்து உறுதிப்படுத்துங்கள். முதலில் ஒன்றை முழுதாக, பிறகு மற்றதை முழுதாக என்று அளந்தால் கணினி சூடேறுவதும் கணக்கில் கலந்துவிடும். ஏஎஸ்வியின் ஃபைண்ட் கட்டளை இதே தேடலை ஒரு பெஞ்ச்மார்க்குக்காகச் செய்து தரும்; எளிய நேர்வுகளுக்கு அது போதும்.

காரணத்தைத் தேடுதல்

கமிட் கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை, ஏனெனில் அதில் நூறு வரி மாறியிருக்கலாம். லினக்ஸின் பெர்ஃப் கருவியால் முன்னும் பின்னும் பதிவெடுத்து, பெர்ஃப் டிஃப் கொண்டு ஒப்பிட்டால் எந்தச் செயற்கூறு கூடுதல் நேரம் எடுக்கிறது என்பது தெரியும். கட்டளைகள் கூடவில்லை, நேரம் மட்டும் கூடியிருக்கிறது என்றால் கேச் தவறல்களைப் பாருங்கள். அறிவியல் நிரலில் நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டை: யாரும் கேட்காமல் எடுக்கப்படும் நகல், யாரும் கேட்காமல் அகலமாகும் தரவு வகை.

இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2024 ஜூனில் வெளிவந்த நம்பை 2.0. அதற்கு முன், 32-பிட் மெய்யெண் அரே (எண்களின் தொகுப்பு) ஒன்றோடு 64-பிட் நம்பை எண் ஒன்றைக் கூட்டினால், எண்ணின் மதிப்பைப் பார்த்து விடை 32-பிட்டிலேயே நிற்கும், 2.0 முதல் மதிப்பைப் பார்க்காமல் வகையை மட்டும் பார்ப்பதால் விடை 64-பிட்டாகிவிடும். இதை நம்பியிருந்த ஒரு நிரலில், எங்கோ ஒரு மாறிலியால், அதற்குப் பின் வரும் எல்லா அரேக்களும் இரு மடங்கு நினைவகம் எடுக்கும், நேரமும் அதற்கேற்பக் கூடும். இது நம்பையின் பிழை அல்ல, திட்டமிட்டு அறிவித்துச் செய்த மாற்றம். பழைய விதி பலரைக் குழப்பியது. திருத்த வேண்டியது உங்கள் மாறிலியின் வகையை.

கமிட்டைத் திரும்பப் பெறக் கேட்பதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். மெதுவாக்கிய மாற்றம் ஒரு தவறான விடையைத் திருத்தியிருக்கலாம். அப்போது பழைய வேகத்தைக் கேட்பது பழைய தவறையும் சேர்த்துக் கேட்பதாகும். விடை சரியாகவே இருக்க, வேகத்தை வேறு வழியில் மீட்க முடியுமா என்று பார்ப்பதே முறை.

அறிக்கை எழுதும்போது கமிட்டின் அடையாளம், முன்பின் நேரங்கள், ஒரே கமிட்டை இரு முறை அளந்தபோது கிடைத்த இரைச்சல், கணினி விவரம், பத்து வரிக்குள் சரிவை மீண்டும் காட்டும் ஒரு நிரல் ஆகியவற்றைக் கொடுங்கள். கமிட்டை எழுதியவரின் பெயரைத் தலைப்பில் போட வேண்டாம். திருத்தம் வந்ததும் அந்தப் பத்து வரியை ஒரு பெஞ்ச்மார்க்காக மாற்றித் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும் முன் அதை மெதுவான கமிட்டின் மீது ஒரு முறை ஓட்டி, சரிவு வரைபடத்தில் உண்மையிலேயே தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.